மூன்றாம் பாகம் இல்லாத கடல் புறா

போன மாதம் திருச்சியிலிருந்து எட்டுப் பேர் மலேசியாவுக்கு வந்திருந்தார்கள். அதில் நான்கு பேர் நெஞ்சில் புலி பொறித்த சட்டை போட்டிருந்தார்கள். பினாங்கிலிருந்து என் தம்பியின் வேனில் வந்தார்கள். தம்பி நன்றாக வேன் ஓட்டுவான், ஆனால் சரித்திரம் கேட்டால் திருதிருவென்று விழிப்பான். அதனால் சுங்கை பட்டாணியில் என்னையும் ஏற்றிக்கொண்டான். நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனதும் இடதுபக்கம் ஜெராய் மலை முழுசாகத் தெரிந்தது. "அதோ, அதுதான் கடாரத்து மலை" என்றேன். அந்தக் காலத்துக் கடாரம்தான் எங்கள் கெடா மாநிலம். வேனுக்குள் பேச்சு நின்றுபோனது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார்: "காஞ்சனாதேவி பார்த்த மலைங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பொறாமையும் வந்தது. தினமும் துணி காயப்போடும்போது நான் பார்க்கிற மலை அது. உச்சியில் மேகம் மூடினால் துணியை உள்ளே எடு, அவ்வளவுதான் எங்கள் வீட்டில் அதற்கு மரியாதை. இவர்கள் விமானம் ஏறி வந்து அதைப் பார்த்து அழுகிறார்கள். அழ வைத்தவர் சாண்டில்யன்.

அவருடைய சரித்திர நாவல் 'கடல் புறா'வைப் படிக்காதவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குமுதத்தில் தொடராக வந்து, பிறகு மூன்று தடித்த பாகங்களாகப் புத்தகமானது. நாயகன் இளையபல்லவன் என்கிற கருணாகரத் தொண்டைமான். கலிங்கத்தின் பாலூர்ப் பெருந்துறையில் கதை தொடங்குகிறது. கடாரத்து இளவரசி காஞ்சனாதேவி, சோழர்களின் உதவி தேடி அப்பா குணவர்மனுடன் வந்திருக்கிறாள். இரண்டாம் பாகத்தில் சொர்ணத்தீவான சுமத்ராவின் அட்சயமுனைக் கோட்டை, அதன் தலைவன் பலவர்மன், அவன் மகளாக வளரும் மஞ்சளழகி. அமீர் என்று ஒரு அரபு மல்லன், அகூதா என்று ஒரு சீனக் கொள்ளைக்காரன், கண்டியத்தேவன் என்று ஒரு பழுத்த மாலுமி. அப்புறம் கப்பல். புறா வடிவத்தில் கட்டிய கப்பல். இவ்வளவு போதும், மீதி நீங்களே படித்துக்கொள்ளலாம்.

நான் பிறந்தது 1968இல், சுங்கை பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. முதலில் செம்பனை வந்தது, பிறகு வீடமைப்புத் திட்டம் வந்தது. எங்கள் வரிசை வீடுகள், லயம் என்போம், இருந்த இடத்தில் இன்று ஒரு கார் கழுவும் கடை இருக்கிறது. அந்த நாளில் கோயிலுக்குப் பக்கத்தில் மணிமன்றம் என்ற இளைஞர் சங்கத்துக்காரர்கள் ஒரு தகர அலமாரி வைத்திருந்தார்கள். அதுதான் எங்கள் நூலகம். பூட்டு இருந்தது, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் பக்கவாட்டுத் தகரத்தை நெம்பினால் கை போகும். கடல் புறாவின் முதல் இரண்டு பாகங்களும் அந்த வழியாகத்தான் வெளியே வந்தன. மூன்றாம் பாகத்தைக் கூலிம் ஊருக்கு மாறிப்போன ஒரு குடும்பம் எடுத்துக்கொண்டு போய்விட்டதாகப் பேச்சு.

எங்கள் வீட்டில் அந்தப் புத்தகத்துக்குச் சொந்தக்காரி சின்னம்மா. அம்மாவின் தங்கை. ஆறாம் வகுப்பு வரை தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, அப்புறம் உளியும் வாளியும். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், மரம் சீவி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு இரண்டு மணிக்கு வீட்டுக்கு வருவார். குளித்துவிட்டு வாசல் நடையான அஞ்சடியில் கால் நீட்டி உட்கார்ந்து, "ஏய் பிள்ளை, அந்தப் புஸ்தகத்தை எடு" என்பார். அவர் மனதுக்குள் படித்து நான் பார்த்ததே இல்லை. எல்லாம் வாய்விட்டுத்தான். லயத்தில் பாதிப் பெண்களுக்கு எழுத்துத் தெரியாது. அவர்கள் அரிசி புடைத்துக்கொண்டும் ஒருத்தருக்கொருத்தர் பேன் பார்த்துக்கொண்டும் கேட்பார்கள்.

சாண்டில்யன் படித்தவர்களுக்குத் தெரியும், ஒரு பெண் அறைக்குள் நுழைந்தால் அவள் நாற்காலியில் உட்காருவதற்குள் மூன்று பக்கம் ஓடிவிடும். அந்த மூன்று பக்கமும் சத்தமாகப் படிக்கிற சமாச்சாரம் இல்லை. சின்னம்மா அந்த இடம் வந்ததும், "இங்கே வர்ணனை" என்று அறிவித்துவிட்டுப் பக்கத்தைத் தள்ளுவார். கிழவிகள் சிரிப்பார்கள். எனக்கு அப்போது பதிமூன்று வயது. ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு மண்ணெண்ணெய் விளக்கடியில் அந்தப் பக்கங்களை மட்டும் தேடிப் படித்தேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை. என் தமிழ்ச் சொல்வளத்தில் ஒரு பகுதி அங்கிருந்து வந்ததுதான்.

கடற்போர் வந்தால் சின்னம்மாவுக்கு வாய் மட்டும் போதாது. பால் பிடிக்கிற பீங்கான் மங்குகளைக் கொண்டுவரச் சொல்லித் தரையில் வரிசையாகக் கவிழ்த்துவைப்பார். அவைதான் எதிரிக் கப்பல்கள். எங்கள் வீட்டு அலுமினிய டம்ளர்தான் கடல் புறா. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, இளையபல்லவன் ஏன் பாயைச் சுருட்டச் சொல்கிறான், எதிரி ஏன் ஏமாறப்போகிறான் என்று டம்ளரை நகர்த்திக் காட்டுவார். ஒருமுறை நடுக்கடலில் தாத்தா வந்து டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டார். சோழர் கடற்படை அன்றைக்கு அத்துடன் கரை திரும்பியது.

எங்கள் தோட்டத்தில் அந்தக் கதை ஊறிப்போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரே கப்பலில் தமிழன், அரபு, சீனன் மூவரும் நிற்பது அதிசயமாக இருந்திருக்கும். எங்களுக்கு அது மளிகைக் கடை வாசல். பால் ஏற்றிப்போகிற லாரியை ஓட்டியவர் ஒரு மலாய்க்காரர். இரண்டு பால் பீப்பாயை ஒரே மூச்சில் உருட்டுவார். அவருக்கு அமீர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். கடனுக்குச் சாமான் கொடுக்கிற சீனத் தவுக்கே, அதாவது கடை முதலாளி, அகூதா. சம்பள நாளன்று, "இந்த மாசமும் அகூதாகிட்ட மாட்டிக்கிட்டோம்" என்று என் அப்பா சொல்வார். தவுக்கேக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். ஒருநாள், "அது யாரு அகூதா?" என்று கேட்டார். கொள்ளைக்காரன் என்று எப்படிச் சொல்வது? "பெரிய கப்பல் தலைவன், இளையபல்லவனுக்கே வாத்தியார்" என்றார் சின்னம்மா. பொய்யும் இல்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு நெத்திலி கொஞ்சம் கூடவே விழுந்தது.

பெண்களுக்குள் இரண்டு கட்சி. காஞ்சனாதேவி கட்சிக்கு அம்மா தலைவி. முறையாக வந்தவள், அரச குடும்பம், முதலில் பார்த்தவள், அவளுக்குத்தான் உரிமை. சின்னம்மா மஞ்சளழகி கட்சி. "கோட்டையில அடைஞ்சு கிடந்த பிள்ளை, அதுக்குன்னு யாரு இருக்கா?" என்பார். ஒட்டுப்பால் பொறுக்கும்போதுகூட இந்தச் சண்டை நடக்கும். சின்னம்மாவுக்குப் பெண் பிறந்தபோது மஞ்சளழகி என்று வைக்கத்தான் நினைத்திருந்தார். பிறப்புப் பதிவுக்குப் போனவர் சித்தப்பா. அவர் அம்மாவின் கட்சியில் இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. பத்திரத்தில் காஞ்சனா என்று பதிந்து வாங்கிக்கொண்டு வந்து நின்றார். சின்னம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இரண்டாம் பாகம் முடிந்தது. மூன்றாம் பாகம் இல்லை. இன்றைய பிள்ளைகளுக்கு இந்த வேதனை புரியாது. நான் கூலிமுக்கு ஆள் அனுப்பலாமா என்று கேட்டேன். பினாங்கு போய் வாங்கலாம் என்றால் மூன்று பாகமும் சேர்த்துத்தான் தருவார்களாம், அந்தப் பணத்துக்கு ஒரு வார அரிசி வாங்கலாம். என் முகத்தைப் பார்த்துச் சின்னம்மா ஒருநாள் சொன்னார்: "எதுக்கு அழற? நான்தான் சின்ன வயசுல குமுதத்துலேயே படிச்சுட்டேனே. சொல்றேன், கேளு."

பத்து ராத்திரி சொன்னார். இன்னும் எனக்கு வரிவரியாக நினைவிருக்கிறது. மெர்போக் ஆற்று முகத்துவாரத்தில் பெரிய போர். கண்டல் காட்டுக்குள் எதிரிக் கப்பல்கள் சேற்றில் மாட்டிக்கொள்கின்றன. கடல் புறா தீப்பிடித்து அங்கேயே மூழ்குகிறது. குணவர்மனுக்கு முடி சூட்டுகிறார்கள், காஞ்சனாதேவிக்குக் கல்யாணம். மஞ்சளழகி பங்கு கேட்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் ஜெராய் மலை ஏறிப்போகிறாள். உச்சியில் ஒன்பது அடுப்பு மூட்டி ராத்திரி முழுக்க எரிக்கிறாள், நாகப்பட்டினத்திலிருந்து வருகிற கப்பல்கள் வழி தவறாமல் வந்து சேர. இளையபல்லவன் சோழநாட்டுக்குத் திரும்பும்போது கடைசியாகக் கண்ணில் தெரிவது அந்த நெருப்புதான். "அப்புறம் அவ என்ன ஆனா?" என்று கேட்டேன். "என்ன ஆவா? அங்கதான் இருக்கா. மலையில மேகம் மூடுது பாரு, அது மேகமா? அவ அடுப்புப் புகை."

நான் அழுதேன். அம்மாவும் அழுதார், எதிர்க்கட்சியாக இருந்தும்.

தோட்டத்தை விட்டு வந்து, ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று ஓடிவிட்டது. முப்பது வயதுக்கு மேல்தான் சரித்திரம் என்று உட்கார்ந்து படித்தேன். சாண்டில்யன் எதை எடுத்தார், எதைச் சேர்த்தார் என்று தெரிந்துகொள்ளும் ஆசை. ராஜேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பு எல்லாருக்கும் தெரிந்தது. அவன் புகழ் பாடும் கல்வெட்டுப் பாட்டான மெய்க்கீர்த்தியில் 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி' என்று ஆரம்பித்து ஊர் ஊராக அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் 'தொடுகடற் காவற் கடுமுரண் கடாரமும்' என்று எங்கள் பக்கம் வந்து முடியும். ஆனால் கடல் புறாவின் விதை அது இல்லை. அதற்குப் பிறகு வந்த வீரராஜேந்திரனின் கல்வெட்டில் ஒரு சின்னச் செய்தி இருக்கிறது. உதவி கேட்டு வந்து அடிபணிந்த மன்னனுக்காகக் கடாரத்தை வென்று, அதை அவனுக்கே திருப்பிக் கொடுத்தான் என்று. 1068 வாக்கில் நடந்தது என்கிறார்கள். அவ்வளவுதான். வந்தவன் யாரிடமிருந்து தப்பி வந்தான், கூட மகள் வந்தாளா, ஒன்றும் கிடையாது. அந்த ஒரு வரிக்குள் கையை விட்டு மூன்று பாகத்தை வெளியே இழுத்திருக்கிறார் மனிதர். எங்கள் தகர அலமாரி மாதிரிதான்.

கருணாகரத் தொண்டைமான் நிஜ ஆள். குலோத்துங்கனுக்காகக் கலிங்கத்தை வென்றவனாகக் கலிங்கத்துப்பரணி அவனைப் பாடுகிறது. அது தரைப்போர், யானையும் குதிரையுமாக. அவனைக் கடலில் இறக்கிக் கொள்ளைக்காரர்களிடம் பாடம் கேட்க வைத்தது நாவலாசிரியரின் கைவேலை. அதற்காகக் கோபித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கோபம் இல்லை. என் குறை வேறு. கடாரம் கடாரம் என்று எல்லாரும் பேசுகிறார்களே, இரண்டாம் பாகம் முழுக்க மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம், சுமத்ராவில்தான் நடக்கிறது. அதோடு இந்தப் பக்கத்து மண்ணின் மக்கள் அவர் கதையில் கூட்டமாக வந்து கூட்டமாகப் போய்விடுகிறார்கள். முகம் உள்ளவர்களில் பெரும்பாலோர் அரண்மனைக்காரர்களும் கப்பல்காரர்களும்தான். நெல் நட்டவன், கண்டலில் நண்டு பிடித்தவன், ஜெராய் அடிவாரத்தில் இரும்பு உருக்கியவன், இவர்கள் யாரும் வாய் திறப்பதில்லை.

இரும்பு என்றதும் சொல்லவேண்டும். சுங்கை பத்துவில் 2009 முதல் பல்கலைக்கழகத்தார் தோண்டினார்கள். செம்பனைத் தோட்டத்துக்கு அடியில் இரும்பு உருக்கிய உலைகளும் படகுத்துறைகளும் வெளியே வந்தன. கரையில் நின்று பார்த்தால் அங்கே ஒரு துறைமுகம் இருந்திருக்கும் என்று யாரும் நம்பமாட்டார்கள், கடல் அவ்வளவு தூரம் தள்ளிப்போய்விட்டது. ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி இத்சிங் இந்தியாவுக்குப் போகும் வழியில் கடாரத்தில்தான் கப்பல் ஏறினார். இங்கிருந்து நிக்கோபார், அங்கிருந்து வங்கக் கரை. காற்றுதான் அந்தக் காலத்தில் கால அட்டவணை. தென்மேற்குக் காற்றில் வந்தவர்கள் திரும்பிப் போக வடகிழக்குக் காற்றுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும். காதல் வளர அது போதுமான அவகாசம் என்பது என் சொந்த ஆராய்ச்சி.

எனக்கு மிகவும் பிடித்த சான்று ஆனைமங்கலச் செப்பேடுகள். எப்படியோ ஹாலந்து நாட்டு லெய்டன் நகரம் வரைக்கும் பயணம் போனவை. பெரிய செப்பேட்டில் 21 ஏடுகள். கடாரத்து அரச குடும்பம் நாகப்பட்டினத்தில் கட்டிய புத்த விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாக விட்ட செய்தி அதில் இருக்கிறது. குலோத்துங்கன் காலத்துச் சின்னச் செப்பேட்டில் மூன்றே ஏடுகள், கடாரத்திலிருந்து வந்த தூதர்களின் பெயரோடு. இதை முதலில் படித்தபோது எனக்கு ராஜராஜன் ஞாபகம் வரவில்லை, தாத்தா ஞாபகம்தான் வந்தது. தாத்தா 1936இல் அதே நாகப்பட்டினத்தில்தான் ரஜூலா கப்பல் ஏறினார். பினாங்கில் இறங்கும் முன் ஜெரெஜாக் தீவில் அடைத்துவைத்து, மருந்து தெளித்து, பிறகுதான் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். "உங்க தாத்தா வந்த கப்பல் புறாவும் இல்ல, மயிலும் இல்ல. ஆட்டுக்கொட்டாய்" என்பார் சின்னம்மா. மேல்தளத்தில் வெயிலிலும் மழையிலும் ஏழெட்டு நாள். தாத்தாவிடம் கடாரம் பற்றிக் கேட்டால், "நான் வந்தப்ப ஒரு ராசாவும் வரவேற்கல" என்று முடித்துவிடுவார்.

இனி திருச்சிக்காரர்களிடம் திரும்புகிறேன். மெர்போக்கில் புக்கிட் பத்து பகாட் அடிவாரத்தில் அருங்காட்சியகம். உள்ளே நுழைந்ததும் புலிச்சட்டை இளைஞர் ஒருவர், "அக்கா, அரண்மனை எந்தப் பக்கம்?" என்றார். அரண்மனை இல்லை என்று சொல்ல எனக்கு மனசே வரவில்லை. அங்கே இருப்பது கருங்கல்லில் ஒரு கோயிலின் அடித்தளம். கருவறை மேடை, முன்னால் மண்டபத் தரை, மரத்தூண் நிறுத்திய வட்டக் கற்கள். கூரை கிடையாது. மரமும் ஓலையும் ஆயிரம் வருஷம் நிற்குமா? கருவறைக்கு அடியில் கல் பேழைகள் கிடைத்தன என்றேன். பக்கத்தில் சலசலவென்று ஓடை, அதில் மலாய்க் குடும்பங்கள் பிள்ளைகளைக் குளிக்கவிட்டுக் கோழி வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இளைஞர் முகம் சுருங்கிப்போனது. "இவ்வளவுதானா?" என்றார்.

இவ்வளவுகூட இல்லாமல் போயிருக்கும். 2013இல் இதே பூஜாங் பள்ளத்தாக்கில் தனியார் நிலத்தில் இருந்த ஒரு கோயில் அடித்தளத்தை வீடு கட்டுகிறேன் என்று மண்ணோடு இடித்துத் தள்ளினார்கள். விஷயம் வெளியே வந்து பெரிய சத்தம் ஆனது. அதைச் சொன்னபோது எட்டுப் பேரும் கோபப்பட்டார்கள். இளைஞர் அதன்பிறகு ஒவ்வொரு கல்லாகக் குனிந்து பார்த்தார். நாவல் இல்லாவிட்டால் அவர் இந்தக் கல்லைப் பார்க்க வந்திருக்கமாட்டார், நாவல் இருப்பதால் இந்தக் கல் அவருக்குப் போதவில்லை. அவருக்கு என்ன சொல்லித் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஓடையில் காலை நனைக்கச் சொன்னேன். நனைத்ததும் கொஞ்சம் தெளிந்தார்.

திரும்பும்போது கண் துடைத்த அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் ஐந்து முறை படித்தவர். கல்லூரியில் விடுதிக் காப்பாளரிடம் மாட்டி, புத்தகம் பறிபோய், மறுபடி காசு சேர்த்து வாங்கியவர். லதா வரைந்த படங்களைக் குமுதத்திலிருந்து வெட்டி நோட்டில் ஒட்டிவைத்தாராம் அவருடைய அக்கா. பேசிக்கொண்டே வந்தோம். "முடிவு உங்களுக்குப் பிடிச்சுதாங்க?" என்றார். "பிடிக்காமலா? மஞ்சளழகி மலையில் நெருப்பு மூட்டுகிற இடத்தில் இன்றைக்கும் அழுகை வரும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "எந்த மலை?"

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடவேண்டும். நான் மூன்றாம் பாகத்தைப் படித்துவிட்டேன். 2004இல் பினாங்கு லிட்டில் இந்தியாவில் மூன்று பாகமும் வாங்கி, மூன்றாவதை ஒரே ராத்திரியில் முடித்தேன். முடிவை நான் இங்கே சொல்லப்போவதில்லை, படிக்காதவர்கள் இருக்கிறீர்கள். மெர்போக் ஆற்றில் கப்பல் மூழ்கவில்லை, ஒன்பது அடுப்பும் இல்லை என்பதுவரை சொல்லலாம். விடியற்காலை ஐந்து மணிக்குச் சமையலறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சின்னம்மா மூன்றாம் பாகத்தைக் கண்ணாலும் பார்த்ததில்லை! பதிமூன்று வயதுப் பிள்ளை அழுகிறதே என்று பத்து ராத்திரி அவராகக் கட்டிச் சொன்ன கதை. எனக்குத் தெரிந்துவிட்டது என்பதை அவரிடம் சொல்லவில்லை. இருபது வருஷம் அப்படியே போனது. அதைவிட வேடிக்கை, அச்சில் படித்த முடிவு எனக்கு மனதில் நிற்கவே இல்லை. யாராவது கேட்டால் வாயில் வருவது சின்னம்மாவின் முடிவுதான்.

வேனில் அந்த அம்மாவிடம் முழுக் கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு வெகுநேரம் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "உங்க சின்னம்மா இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறார் என்றேன்.

சின்னம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. மகள் காஞ்சனா வீட்டில், சுங்கை பட்டாணியில்தான். கண்ணில் புரை எடுத்தும் சின்ன எழுத்துத் தெரிவதில்லை. மறுநாள் சாயங்காலம் மூன்றாம் பாகத்தை எடுத்துக்கொண்டு போனேன். அட்டையைத் தடவிப் பார்த்தார். "இது எது?" "மூணாவது." கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எப்பலேர்ந்து வச்சிருக்க?" என்றார். சொன்னேன். "திருட்டுப் பிள்ளை" என்றார்.

நான் படித்தேன், அவர் கேட்டார். பதினேழு சாயங்காலம் ஆனது. வர்ணனை வந்தால் நான் தள்ளப் பார்த்தேன், "படி, இனிமே எனக்கு என்ன?" என்றார். காஞ்சனா அடுப்படியிலிருந்து வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள். கடற்போரில் மட்டும் சின்னம்மா என்னை நிறுத்தி, காற்று எந்தப் பக்கம் என்று கேட்டு, மேசைமேல் மாத்திரை டப்பாக்களை நகர்த்திவைத்துப் பார்த்துக்கொண்டார்.

இடையில் ஒருநாள் கேட்டேன். ஒன்பது அடுப்பு எங்கிருந்து வந்தது என்று. காரணம் இருந்தது. ஜெராய் உச்சியில் நிஜமாகவே பழைய இடிபாடு ஒன்று உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் கண்டுபிடித்தது. அங்கே வரிசையாக நெருப்பு எரிந்த இடங்கள் ஒன்பது இருந்ததாகவும், கப்பல்களுக்கு அடையாளமாக மூட்டியதாக இருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். 1217 மீட்டர் உயரம், கடலிலிருந்து முதலில் தெரிவது அந்த மலைதான். இதை நான் படித்தது நாற்பது வயதில். ஆறாம் வகுப்போடு நின்ற சின்னம்மாவுக்கு 1981இல் எப்படித் தெரியும்?

"லாரிக்கார அமீர் சொன்னாரு" என்றார். "அவரு ஊர்க் கம்பத்துல கிழவிங்க சொல்ற கதையாம். பால் நிறுக்க நிக்கும்போது சொன்னாரு. நல்லா இருந்துச்சு, வச்சுக்கிட்டேன்."

கடைசி அத்தியாயத்தை முடித்துப் புத்தகத்தை மூடினேன். சின்னம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சின்னம்மா."

"நல்லாத்தான் எழுதியிருக்காரு. ஆனா ஜெராய் மலையை அவரு பார்த்ததில்ல போலிருக்கு. பார்த்திருந்தா இப்படி முடிச்சிருக்கமாட்டாரு." தண்ணீர் கேட்டுக் குடித்தார். "சரி, முதல் பாகத்தை எடுத்துட்டு வா. ஆரம்பத்துலேர்ந்து கேக்கணும். மறந்துபோச்சு."

வீட்டுக்கு வந்து அலமாரியைத் தேடினேன். இல்லை. காஞ்சனாவின் மகள், கோலாலம்பூரில் படிக்கிறவள், சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு வந்தபோது வாங்கிக்கொண்டு போனது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். விடுதியில் அறைத்தோழிக்குக் கொடுத்தாளாம், அவள் ஜொகூருக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறாளாம். "கேட்டு வாங்கித் தர்றேன் பெரியம்மா" என்றாள். இன்னும் வரவில்லை. நேற்றுச் சின்னம்மா மறுபடி கேட்டார். ஆரம்பம் எனக்கு ஞாபகம் இருக்கிறது, நானே சொல்கிறேன் என்று உட்கார்ந்தேன். பாலூர்ப் பெருந்துறை, ராத்திரி நேரம், துரத்தி வருகிற கலிங்க வீரர்கள். அதற்கு மேல் என்ன என்று கொஞ்சம் தடுமாறியது. பிறகு தானாக வர ஆரம்பித்தது.